அழிஞ்சுபோச்சுன்னு எழுதி வச்ச உயிரினத்தைத் தேடப் போறீங்களா? எங்கேருந்து ஆரம்பிக்கணும், கிடைச்சா என்ன பண்ணணும்

புத்தகத்துல ஒரு பறவையைப் பத்தி "கடைசிப் பதிவு 1884"ன்னு ஒரு வரி இருந்தா, படிக்கிறவங்க அதை அந்த வருஷத்தோட அந்த இனமே முடிஞ்சுபோச்சுன்னு எடுத்துக்கறாங்க. அந்த வரிக்கு அர்த்தம் அது இல்லைங்க. கடைசியா ஒரு ஆள் அதைப் பார்த்து, எழுதி வச்ச வருஷம் அது, அவ்வளவுதான். அதுக்கப்புறம் யாராவது சரியான இடத்துக்கு, சரியான நேரத்துல, விவரம் தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கிட்டு போய்ப் பார்த்தாங்களான்னு கேட்டா, பல இனங்களுக்கு யாரும் போகவே இல்ல. இன்னைக்கு தேடணும்னு ஆசைப்படுறவங்க முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது இதுதான்.

ஐயுசிஎன்னு (உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) ஒரு அமைப்பு ஆபத்துல இருக்கற உயிரினங்களுக்குப் போடற சிவப்புப் பட்டியல்ல ஒரு இனத்தை அற்றுப்போச்சுன்னு போடறதுக்கு விதி ரொம்பக் கண்டிப்பானது. கடைசி உயிரும் செத்துருச்சுங்கறதுல நியாயமான சந்தேகம் எதுவும் இருக்கக் கூடாது, அது இருந்த இடம் இருக்கக்கூடிய இடம் எல்லாத்துலயும், பகல் ராத்திரி சீசன்னு எல்லாம் பார்த்துத் தேடியிருக்கணும். இவ்வளவு கண்டிப்பு எதுக்குன்னா, அவசரப்பட்டு இல்லைன்னு சொல்லிட்டா அதோட காட்டைக் காப்பாத்த எந்தக் காரணமும் மிச்சம் இருக்காது. பிலிப்பைன்ஸ்ல செபு தீவுல ஒரு மலர்கொத்திக் குருவி இருக்கு, தீவுல காடே போச்சு குருவி எங்க இருக்கப் போகுதுன்னு 1900களோட ஆரம்பத்துலயே கை கழுவிட்டாங்க. 1992ல மிச்சம் கிடந்த சின்னக் காட்டுத் துண்டுல அது உயிரோட இருந்துச்சு. நடுவுல போன அத்தனை வருஷமும் அதுக்காக யாரும் ஒரு மரத்தைக்கூடக் காப்பாத்தல.

எதைத் தேடறது

பேர் பெரிசா இருக்கேன்னு ஒரு இனத்தை எடுத்துக்காதீங்க. டாஸ்மேனியப் புலியைத் தேடி இன்னும் ஆட்கள் போறாங்க. கடைசியா தெரிஞ்சது 1936 செப்டம்பர்ல ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையில செத்துச்சு, அதுக்கப்புறம் ஆயிரக்கணக்கான கண்கள் தேடியும் உறுதியான ஆதாரம் ஒண்ணுகூட இல்ல. அவ்வளவு பெரிய மிருகத்தை அவ்வளவு பேர் தேடியும் கிடைக்கலைன்னா நம்பிக்கை குறையறது நியாயம்தான். அதுவே சின்ன உருவம், ராத்திரி நடமாட்டம், மண்ணுக்குள்ளயோ மர உச்சியிலயோ வாழ்க்கை, ஆள் போகாத தீவு, சண்டை நடந்ததால பல வருஷம் யாரும் ஆய்வுக்குப் போக முடியாத பகுதி, இந்த மாதிரி காரணம் இருந்தா, கண்ணுல படாதது வேற, இல்லாம போனது வேற. உங்க லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு இனத்துக்கும் நேரா "இதை இதுவரைக்கும் எத்தனை பேர், எப்படித் தேடினாங்க"ன்னு எழுதுங்க. "யாருமே தேடலை"ன்னு எதுக்கு நேரா வருதோ அங்க ஆரம்பிங்க.

மியூசியம் லேபிள்தான் முதல் காடு

காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பழைய பதிவு எல்லாத்தையும் தோண்டணும். அந்த இனத்தோட ஸ்பெசிமன், அதாவது பிடிச்சுப் பதப்படுத்தி வச்ச உடம்பு, எந்தெந்த மியூசியத்துல இருக்கு, லேபிள்ல என்ன ஊர், என்ன தேதி, யார் பிடிச்சது, அந்த ஆள் அந்தத் தேதியில நிஜமா அந்த ஊர்லதான் இருந்தாரா. இந்தக் கடைசிக் கேள்வியை சாதாரணமா நினைக்காதீங்க, ஒரு ஆந்தையே இந்தக் கேள்வியாலதான் திரும்பக் கிடைச்சுது.

காட்டுச் சிறு ஆந்தைன்னு மத்திய இந்தியாவுல ஒரு ஆந்தை. உலகத்துல மொத்தமே ஏழு ஸ்பெசிமன்தான் இருந்துச்சு. அதுல ஒண்ணு 1914ல குஜராத்துல பிடிச்சதுன்னு ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பேர்ல இருந்துச்சு, அதை நம்பி பறவை ஆளுங்க குஜராத் பக்கமும் போய்த் தேடிட்டு வெறுங்கையோட வந்தாங்க. பமீலா ராஸ்முஸ்ஸன்னு ஒரு அமெரிக்கப் பறவை ஆய்வாளர் அந்தப் பறவையை எடுத்து எக்ஸ்ரே வரைக்கும் பார்த்தாங்க. உள்ள பஞ்சு அடைச்ச விதம், தையல், எல்லாம் 1880கள்ல ஜேம்ஸ் டேவிட்சன்னு ஒருத்தர் பதப்படுத்தின விதம். விஷயம் என்னன்னா, மியூசியத்துல இருந்த பழைய பறவையைத் திருடி, பிரிச்சு மறுபடி தைச்சு, புது லேபிள் ஒட்டி வச்சிருக்காங்க. அப்போ உண்மையான கடைசிப் பதிவு 1884. குஜராத்தைத் தூக்கிப் போட்டுட்டு, நிஜமான லேபிள் சொன்ன பகுதிகளுக்கு 1997 நவம்பர்ல பமீலா, பென் கிங், டேவிட் ஆபட் மூணு பேரும் போனாங்க. மகாராஷ்டிராவுல ஷஹாதா பக்கத்துல இலை உதிர்ந்த மரத்து உச்சியில, நல்ல பகல் வெளிச்சத்துல, அது உக்காந்திருந்துச்சு. 113 வருஷம் காணோம்னு இருந்த பறவை.

அதனால லேபிளை அப்படியே நம்பாதீங்க. பழைய ஊர் பேர் மாறியிருக்கும், ஒரே பேர்ல ரெண்டு மூணு ஊர் இருக்கும், சேகரிச்சவர் தங்கின டவுன் பேரை எழுதிட்டு பறவையை மலை மேல பிடிச்சிருப்பார். பழைய சர்வே மேப்பை எடுத்து, அவர் நடந்த பாதை, கேம்ப் போட்ட இடம், உயரம் எல்லாத்தையும் குறிங்க. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரிங்கற இணைய நூலகத்துல பழைய ஜர்னல் இலவசமா கிடைக்குது, ஜிபிஐஎஃப்ங்கற (GBIF) இணையத் தரவுத்தளத்துல மியூசியப் பதிவுகள் கிடைக்குது, பொதுமக்கள் பார்த்த உயிரினத்தைப் பதிவு பண்ற ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளங்கள்ல யாராவது போட்டோ போட்டு வேற பேர்ல தவறா அடையாளம் வச்சிருக்காங்களான்னும் பாருங்க. பல வாரம் உக்காந்து பண்ற வேலை இது. இந்த வேலையை முடிச்சவங்களுக்கு காட்டுல சுத்தற தூரம் குறையும்.

ஊர்க்காரங்ககிட்ட கேக்கற விதம்

விஞ்ஞானத்துக்குக் காணாம போனது பல தடவை ஊர்க்காரங்களுக்குக் காணாம போகவே இல்ல. 1938ல தென்னாப்பிரிக்காவுல சீலகாந்த் மீன் வலையில வந்தப்போ உலகமே ஆச்சரியப்பட்டுச்சு, டைனோசரோட சேர்ந்து போயிருச்சுன்னு நினைச்ச மீன் அது. ஆனா கொமோரோஸ் தீவு மீனவங்களுக்கு அது எப்பவாவது தூண்டில்ல வர்ற மீன், அதுக்கு அவங்க ஒரு பேரும் வச்சிருந்தாங்க. ரெண்டாவது மீன் 1952ல அங்கேருந்துதான் வந்துச்சு. ஆந்திராவுல கடப்பா பக்கம் ஜெர்டான் கோர்சர் பறவையை 1900க்கு அப்புறம் யாரும் பதிவு பண்ணல. அது ராத்திரியில நடமாடற பறவைன்னு சொன்னவங்களே உள்ளூர்ல பறவை பிடிக்கிறவங்கதான், 1986 ஜனவரியில பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பாரத் பூஷண் அதை மறுபடி உறுதி பண்ணினதும் அவங்க உதவியாலதான். பகல்ல பைனாகுலரோட சுத்தினவங்களுக்கு அது எப்படிங்க கிடைக்கும்?

கேக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. போனதும் போட்டோவை நீட்டி "இதைப் பார்த்திருக்கீங்களா"ன்னு கேக்காதீங்க, மரியாதைக்காகவே பாதிப் பேர் ஆமான்னு சொல்லிடுவாங்க. முதல்ல "இந்தக் காட்டுல என்னென்ன இருக்கு"ன்னு பொதுவா பேச்சை ஆரம்பிங்க, அவங்களே சொல்லட்டும். அப்புறம் எங்க, எந்த மாசம், என்ன சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு, சத்தம் எப்படி, பக்கத்துல போனா ஓடுமா பதுங்குமான்னு கேளுங்க. கடைசியா படங்களைக் காட்டும்போது அந்தப் பகுதியில இருக்கவே வாய்ப்பில்லாத ரெண்டு மிருகத்தோட படத்தையும் சேர்த்து வைங்க. அதையும் பார்த்தேன்னு ஒருத்தர் சொன்னா அவர் பதிலுக்கு எவ்வளவு எடை குடுக்கணும்னு உங்களுக்கே புரிஞ்சுடும். வெள்ளி முதுகுச் சருகுமான் வியட்நாம்ல 1990க்கு அப்புறம் காணோம். நியா ட்ராங் பக்கத்துக் காட்டுல ஊர்க்காரங்களும் வனக் காவலர்களும் சருகுமான்ல ரெண்டு விதம் இருக்கு, ஒண்ணுக்கு முதுகு சாம்பல்னு பிரிச்சுச் சொன்னாங்க. அந்த ஒரு விவரத்தை நம்பி வச்சது மூணு கேமரா, அஞ்சு மாசத்துல கிடைச்சது 275 போட்டோ.

உதவி பண்றவங்களுக்கு சம்பளம் குடுங்க, கட்டுரையில பேர் போடட்டுமான்னு கேட்டுட்டுப் போடுங்க. வேட்டையாடறவர் விவரம் சொன்னா அதை வச்சு அவரை மாட்டி விடாதீங்க. ஒரு தடவை அப்படி நடந்தா அந்த ஊர்ல அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

நேரம், சீசன், சின்ன இடம்

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லார்ட் ஹோவ் தீவுல உள்ளங்கை நீளத்துக்கு ஒரு குச்சிப்பூச்சி இருந்துச்சு. 1918ல மகாம்போன்னு ஒரு கப்பல் கரை தட்டி, அதுலேருந்து எலி இறங்கி, கொஞ்ச வருஷத்துலயே பூச்சியை மொத்தமா தின்னு தீர்த்துச்சு. அங்கேருந்து 23 கிலோமீட்டர் தள்ளி கடல்ல செங்குத்தா நிக்குது பால்ஸ் பிரமிட்னு ஒரு பாறை, 550 மீட்டருக்கு மேல உயரம். 1960கள்ல அதுல ஏறினவங்க செத்த பூச்சியைப் பார்த்திருந்தாங்க. ஆனா பாறை ஏறறவங்க பகல்லதான் ஏறுவாங்க, இந்தப் பூச்சி ராத்திரிதான் வெளிய வரும். 2001ல போன குழு ஒரு ஒத்தைப் புதருக்கு அடியில புது எச்சத்தைக் கவனிச்சுது. இருட்டினதும் டார்ச்சை எடுத்துக்கிட்டு மறுபடி ஏறினாங்க, புதர் மேலயே பூச்சி. அந்தப் பாறை முழுக்க 24தான் எண்ணினாங்க. பகல் வேலையோட திருப்திப்பட்டு இறங்கியிருந்தா இன்னைக்கு மிருகக்காட்சி சாலைகள்ல வளர்ற அத்தனை பூச்சியும் இல்ல.

மடகாஸ்கர்ல வோல்ட்ஸ்கோ பச்சோந்தி 1913க்கு அப்புறம் காணோம், அது மழைக்காலத்துல மட்டும் சில மாசம் வாழ்ந்து முட்டை வச்சுட்டு செத்துப்போற ரகம். 2018ல மழைக்காலத்துல போனாங்க, காட்டுல இல்லாம ஒரு ஹோட்டலோட புதர் மண்டின தோட்டத்துல கிடைச்சுது. அதனால உங்க இனத்தோட நெருங்கின சொந்தக்கார இனங்கள் எந்த மணிக்கு வெளிய வருது, எப்போ கத்துது, எதுல முட்டை வைக்குதுன்னு படிச்சுட்டு அதுக்கேத்த மாதிரி லீவு போடுங்க, உங்க லீவுக்கேத்த மாதிரி போகாதீங்க. வாலஸ் ராட்சசத் தேனீ மரத்துல இருக்கற கரையான் புத்துக்குள்ள கூடு கட்டும், 2019ல அதை இந்தோனேசியாவுல கண்டுபிடிச்சவங்க தேனீயைத் தேடலை, புத்து புத்தா பார்த்துக்கிட்டே போனாங்க.

கருவிகள்

கேமரா ட்ராப், அதாவது முன்னாடி மிருகம் வந்தா தானாவே படம் எடுக்கற கேமரா, எல்லாருக்கும் தெரியும், வைக்கற விதத்துலதான் கோட்டை விடுவாங்க. சின்ன மிருகத்துக்கு முழங்கால் உயரத்துக்கும் கீழ வைங்க, நாய் அளவு மிருகத்துக்கு முழங்கால் உயரம். கிழக்கு மேற்கு பார்த்து வச்சா காலை மாலை வெயில் நேரா லென்ஸ்ல அடிச்சு படம் வெளிறிப்போகும். முன்னாடி இருக்கற புல், கொடி எல்லாத்தையும் வெட்டுங்க, இல்லைன்னா காத்துல ஆடற ஒரு இலை ரெண்டே நாள்ல கார்டை ரொப்பிடும். தேதி நேரம் சரியா இருக்கான்னு பார்த்துட்டு, கேமரா முன்னாடி நீங்களே நாலு கால்ல நடந்து டெஸ்ட் படம் எடுத்துக்கோங்க. மழைக்காடுன்னா உள்ள ஈரத்தை இழுக்கற சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க. எறும்பு கூடு கட்டும், அதையும் எதிர்பார்த்துக்கோங்க.

பொறுமை வேணும். இந்தோனேசியாவோட பப்புவாவுல சைக்ளோப்ஸ் மலையில நீள மூக்கு எக்கிட்னாவுக்காக (முள் உடம்போட முட்டை போடற ஒரு பாலூட்டி) 80க்கு மேல கேமரா வச்சாங்க, 1961ல கிடைச்ச ஒரே ஒரு ஸ்பெசிமனைத் தவிர அது இருக்குங்கறதுக்கு உறுதியான பதிவு இல்லாம இருந்துச்சு. 2023ல அது பதிவானது கடைசி நாள்ல பார்த்த கடைசி மெமரி கார்டுல. அதனால டேட்டா பார்க்காம எந்தக் கார்டையும் அழிக்கக் கூடாது, "இதுல ஒண்ணும் இருக்காது"ன்னு விடவும் கூடாது.

கேமராவுக்கு வழியில்லாத இடத்துல தடப் பட்டை போடலாம். மண்ணை நல்லா சலிச்சு, மிருகம் நடக்கற வழிக்குக் குறுக்கே சில மீட்டர் நீளத்துக்கு சமமா பரப்பிட்டு, அடுத்த நாள் காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி போய் கால்தடம் பார்க்கறது. ஜெர்டான் கோர்சர் எங்கெங்க நடமாடுதுன்னு இப்படித்தான் தேடினாங்க. செலவு ரொம்பக் கம்மி. பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுக்க மறக்காதீங்க.

புதுசா வந்ததுல பெரிய விஷயம் சுற்றுச்சூழல் டிஎன்ஏ. ஒரு பிராணி நடந்து போன இடத்துல தோல், முடி, எச்சம் எல்லாம் கொஞ்சம் உதிரும், அந்த மண்ணையோ தண்ணியையோ எடுத்து லேப்ல பார்த்தா யார் போனாங்கன்னு தெரியும். டி விண்டன் கோல்டன் மோல்னு தென்னாப்பிரிக்காவுல மணலுக்குள்ளயே நீந்தற மாதிரி போற ஒரு கண்ணு தெரியாத பிராணி, 1936க்கு அப்புறம் காணோம். பயிற்சி குடுத்த ஒரு மோப்ப நாயைக் கூட்டிக்கிட்டு போர்ட் நொல்லாத் கடற்கரையில மணல் சாம்பிள் எடுத்து, 2023ல உறுதி பண்ணினாங்க. இதுல ரெண்டு விஷயம் கட்டாயம். ஒவ்வொரு சாம்பிளுக்கும் புது கிளவுஸ், புது ட்யூப், கூடவே ஒண்ணும் இல்லாத சுத்தத் தண்ணி சாம்பிளும் அனுப்பணும், உங்க கையிலேருந்து எதுவும் கலக்கலைன்னு காட்டறதுக்கு. இன்னொண்ணு, ஒப்பிட்டுப் பார்க்க பழைய மியூசியம் ஸ்பெசிமன்லேருந்து டிஎன்ஏ வேணும், அது இல்லைன்னா உங்க மணல் சொல்றதை யாராலயும் படிக்க முடியாது.

சத்தப் பதிவுக் கருவியும் நல்லது, முக்கியமா தவளை, ஆந்தை, வௌவாலுக்கு. ஆனா பறவையோட குரலை ஸ்பீக்கர்ல மறுபடி மறுபடி போட்டு வரவழைக்கற பழக்கத்தை விடுங்க. ஒரு இடத்துல ஒரே ஒரு ஜோடி மிச்சம் இருக்கலாம், அது கூட்டை விட்டுட்டு உங்க ஸ்பீக்கரோட சண்டைக்கு வந்துக்கிட்டு இருக்கும்.

போறதுக்கு முன்னாடி

அனுமதி வாங்காம போகாதீங்க. வனத்துறை அனுமதி, பிடிக்கவோ சாம்பிள் எடுக்கவோ தனி அனுமதி, அந்த நிலத்து மக்களோட சம்மதம், இது மூணும் வேற வேற.

அப்புறம் ஷூ. இதை நான் அழுத்திச் சொல்றேன். தவளைகளை உலகம் முழுக்கக் கொன்ன கைட்ரிட் பூஞ்சை ஈரமான ஷூ, வலை மூலமா ஒரு ஓடையிலேருந்து அடுத்த ஓடைக்குப் போகும். ஆஸ்திரேலியாவுல 1994ல டேவிட் நோபிள்னு ஒரு பூங்கா அதிகாரி கண்டுபிடிச்ச வோலமை பைன் மரம், வளர்ந்த மரம் நூத்துக்கும் கம்மி, இடம் ரகசியம். அப்படியும் அனுமதியில்லாம யாரோ போய் வேர் அழுகல் நோய்க் கிருமியைக் கொண்டு விட்டுட்டாங்க. ஒவ்வொரு இடத்துக்கும் நடுவுல மண்ணைச் சுரண்டி, கழுவி, கிருமிநாசினியில ஊற வச்சு, காய வச்சுட்டுதான் அடுத்த இடம்.

பார்த்துட்டீங்க, இப்போ?

கை நடுங்கும், பரவாயில்ல. முதல்ல தூரத்துலேருந்தே ஒரு படம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல. அடையாளத்துக்கு வேண்டிய பாகம் எதுன்னு முன்னாடியே மனப்பாடம் பண்ணியிருக்கணும், கால் நிறமா, வால் பட்டையா, காது ஓரமா, அது தெரியற மாதிரி எடுங்க. அங்கயே உக்காந்து நேரம், வெளிச்சம், தூரம், அது என்ன பண்ணிச்சுன்னு நோட்டுல எழுதுங்க, மத்தவங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் தனித்தனியா எழுதுங்க. அமெரிக்காவுல தந்த அலகு மரங்கொத்தியை அர்கன்சாஸ்ல பார்த்ததா 2005ல அறிவிச்சாங்க, கையில இருந்தது மங்கலான வீடியோ, அதே மாதிரி இருக்கற இன்னொரு மரங்கொத்திதான்னு எதிர்த் தரப்பு சொல்லுச்சு, சண்டை இன்னும் ஓயல. உதிர்ந்த இறகு, முடி, எச்சம், ரோட்டுல அடிபட்ட உடம்பு எது கிடைச்சாலும் அனுமதியோட எடுத்து வைங்க. பிடிச்சுக் கொல்ல வேண்டிய அவசியம் இன்னைக்கு அநேகமா இல்ல.

வாயை மூடிக்கோங்க. போட்டோவுல ஜிபிஎஸ் விவரம் ஒட்டியிருக்கும், அதை நீக்காம யாருக்கும் அனுப்பாதீங்க. பின்னாடி தெரியற மலை உச்சியை வச்சே இடத்தைக் கண்டுபிடிக்கற ஆள் இருக்காங்க. அந்த ராட்சசத் தேனீயோட ஒரு ஸ்பெசிமன் 2018ல ஈபேல 9,100 டாலருக்கு வித்துச்சு. அபூர்வம்னு தெரிஞ்ச உடனே விலை ஏறும். அந்த இனத்துல நிபுணரா இருக்கற ரெண்டு பேர், வனத்துறையில பொறுப்பான ஒரு அதிகாரி, அந்த ஊர்ப் பெரியவங்க, இவங்களுக்கு மட்டும் முதல்ல சொல்லுங்க. பேப்பர்ல செய்தி வர்றதுக்கு முன்னாடி காவலுக்கு ஏற்பாடு நடந்திருக்கணும்.

ஏன்னா கிடைச்சதுக்கு அப்புறமும் போயிடலாம். அமெரிக்காவுல வயோமிங்ல 1981ல ஒரு பண்ணை நாய் செத்த பிராணி ஒண்ணைத் தூக்கிட்டு வந்துச்சு, பார்த்தா கருங்கால் ஃபெரட், கீரி மாதிரி இருக்கற பிராணி, அழிஞ்சுபோச்சுன்னு முடிவு கட்டியிருந்த இனம். தேடிப் போய் ஒரு கூட்டத்தையே கண்டுபிடிச்சாங்க, 1984ல 129 வரைக்கும் எண்ணினாங்க. அடுத்த வருஷம் நாய்களுக்கு வர்ற டிஸ்டெம்பர் நோயும் பிளேக்கும் சேர்ந்து அடிச்சுது. மிச்சம் இருந்த 18ஐ 1987க்குள்ள பிடிச்சு வளர்த்தாங்க, அதுல ஏழோட வாரிசுங்கதான் இன்னைக்கு இருக்கறது கிட்டத்தட்ட முழுக்க. அதனால நோய், தீ, நாய், பூனை, எலி, புது ரோடு, இதெல்லாம் அந்த இடத்துக்கு என்ன பண்ணும்னு முதல் மாசத்துலயே கணக்குப் போடணும். கடப்பாவுல ஜெர்டான் கோர்சருக்காக சரணாலயம் அறிவிச்சு, தெலுங்கு கங்கைக் கால்வாயோட பாதையைக்கூட மாத்தினாங்க. பறவை இருக்குன்னு காகிதத்துல பதிவு இருந்ததாலதான் அதைக் கேக்க முடிஞ்சுது.

கிடைக்கலைன்னா

பெரும்பாலும் கிடைக்காது. அப்பவும் எழுதணும். எந்த இடம், எத்தனை மணி நேரம், எத்தனை பேர், எந்த மாசம், மழையா வெயிலா, நிலா இருந்துச்சா, எத்தனை கேமரா எத்தனை ராத்திரி ஓடிச்சு, எத்தனை பேரைப் பேட்டி எடுத்தீங்க, வேற என்னென்ன இனம் பதிவாச்சு, எல்லாத்தையும். அதுலயும் போகாத இடத்தை தனியா குறிங்க, "வடக்குச் சரிவுக்குப் பாலம் உடைஞ்சதால போகலை"ன்னு ஒரு வரி இருந்தா அடுத்த குழு நேரா அங்க போகும். அந்த அறிக்கையை வனத்துறைக்கும், ஐயுசிஎன்ல அந்த உயிரினக் குழுவைப் பார்க்கற நிபுணர் குழுவுக்கும் அனுப்புங்க, ஊர்க்காரங்களுக்கு அவங்க மொழியில ஒரு பிரதி குடுங்க, உங்க போன் நம்பரையும் அதுல எழுதிக் குடுத்துட்டு வாங்க.